பரிவர்த்தனையும் வினைமுற்றும்: ரஸ்ட் நிரல்மொழியில் தரவுத்தளச் செயல்களைத் தமிழில் உரைத்தல்

கணினித்துறை நூல்களைத் தமிழாக்க முற்படுவோர் தவறாது எதிர்கொள்ளும் ஆங்கிலச் சொற்கள் மூன்று உள. அவை 'டிரான்ஸாக்‌ஷன்', 'கமிட்', 'ரோல்பேக்' என்பன. பரிவர்த்தனை, உறுதிசெய்தல், ரத்துசெய்தல் என்னும் சொற்கள் இவற்றுக்கு உடனே நினைவில் எழுகின்றன. வங்கிப் படிவம் ஒன்றை மொழிபெயர்க்க இவை போதும். ஆயின் செயலைச் செய்பவர் யார், அச்செயல் எப்பொழுது முடிகிறது, முடியாமல் விடப்பட்டால் என்ன ஆகிறது என்பவற்றைத் தன் இலக்கணத்திலேயே வரையறுத்துக்கொண்ட ஒரு நிரல்மொழியைப் பற்றி எழுதும்போது இச்சொற்கள் பொருளைத் திரித்துவிடுகின்றன. அத்தகைய மொழிகளுள் ஒன்றாகிய ரஸ்டில் தரவுத்தளப் பரிவர்த்தனை எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை விளக்கி, அவ்விளக்கத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருளைத் தெளிவாக்க நம் துறைக்குரிய சான்று ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓர் அகராதித் தரவுத்தளத்தில் 'படி' என்பது ஒரே தலைச்சொல்லாக இருக்கிறது. மாடிப்படி, முகத்தலளவை, கல்விகற்றல் ஆகிய பொருள்கள் யாவும் அதன்கீழ்க் கலந்து கிடக்கின்றன. பெயர்ச்சொல்லை ஒரு பதிவாகவும் வினைச்சொல்லை மற்றொரு பதிவாகவும் பிரிக்கப் பதிப்பாசிரியர் முடிவுசெய்கிறார். இதற்கு நிரல் மூன்று பணிகளைச் செய்யவேண்டும். புதிய பதிவுகள் இரண்டை உண்டாக்கவேண்டும். மேற்கோள்கள் ஒவ்வொன்றையும் உரிய பதிவுக்கு மாற்றவேண்டும். பழைய பதிவை நீக்கவேண்டும். மேற்கோள்களுள் பாதி மாறிய நிலையில் மின்சாரம் நின்றுவிட்டால், பாதி பழைய பதிவிலும் பாதி புதியவற்றிலுமாகச் சிதறிக் கிடக்கும். எது பிரிக்கப்பட்டது, எது பிரிக்கப்படாதது என்று கூற இயலாத அகராதி, பிரிக்கப்படாத அகராதியினும் தீங்கானது.

இம்மூன்று பணிகளையும் ஒன்றாகக் கட்டி, எல்லாம் நிகழ்ந்தன அல்லது எதுவுமே நிகழவில்லை என்னும் இரண்டு நிலைகளுக்கு மட்டும் இடந்தருவதே பரிவர்த்தனை ஆகும். இக்கருத்தைத் தெளிவுற வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே. 1981இல் வெளிவந்த தம் கட்டுரையில் பகாமை, ஒத்திசைவு, நிலைப்பு என்னும் பண்புகளை அவர் விளக்கினார். 1983இல் ஜெர்மானிய அறிஞர்கள் தியோ ஹேர்டரும் ஆந்திரயாஸ் ராய்ட்டரும் தனிமை என்பதையும் சேர்த்து, நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 'ஆசிட்' என்று பெயரிட்டனர். தனிமை என்பது ஒரு பரிவர்த்தனை முடியும்வரை அதன் இடைநிலையைப் பிறர் காணாதிருத்தல். தனிமைக்குப் படிநிலைகள் பல உண்டு. அவை இங்கு வேண்டா.

மொழியியலார் கவனிக்கத்தக்கது கிரே எடுத்த உவமை. பரிவர்த்தனை என்னும் கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று கூறும் அவர், கிறித்தவத் திருமணச் சடங்கைச் சான்றாகக் காட்டுகிறார். மணமக்கள் இருவரையும் குரு தனித்தனியே வினவுகிறார். இருவரும் இசைந்தால் மணம் நிகழ்ந்ததாக அறிவிக்கிறார். அந்த அறிவிப்புக்கு முன்பு எவ்வளவு நிகழ்ந்திருப்பினும் மணம் நிகழவில்லை. இதே சடங்கைத்தான் ஜே. எல். ஆஸ்டின் 1955ஆம் ஆண்டின் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் வேறொரு நோக்கத்துக்காகக் கையாண்டார். அவை 1962இல் நூலாயின. ஒன்றைப் பற்றிக் கூறாமல், கூறுவதாலேயே அதைச் செய்துவிடும் கூற்றுகளை அவர் செயலாற்று கூற்றுகள் எனப் பிரித்தார். திருமண இசைவு அவர்தம் முதற் சான்றுகளுள் ஒன்று. 'கமிட்' என்னும் கட்டளை அத்தகைய செயலாற்று கூற்றாகும். அது முன்பே நிகழ்ந்த ஒன்றைப் பதிவுசெய்வதன்று. அதனை இடுவதாலேயே மாற்றங்கள் நிகழ்ந்தவை ஆகின்றன. ஆகவே 'சேமி' என்று இதனை மொழிபெயர்ப்பது பொருந்தாது.

எச்சமும் முற்றும்

தமிழ் இலக்கணத்தை அறிந்தார்க்கு இவ்வமைப்பு புதியதன்று. தொல்காப்பியர் வினையியலில் வகுத்த முற்றும் எச்சமும் இங்கே நேராகப் பயன்படுகின்றன. 'பதிவை உண்டாக்கி, மேற்கோளை மாற்றி, பழையதை நீக்கி' என்பது வரை கேட்டவர் ஒரு செய்தியையும் பெறவில்லை. காலமும் இடமும் விகுதியும் கொண்ட ஒரு முற்று வந்த பின்னரே மூன்றும் ஒருங்கே செய்தியாகின்றன. பரிவர்த்தனைக்குள் இடப்படும் கட்டளைகள் வினையெச்சங்கள், 'கமிட்' வினைமுற்று.

இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அம்முறிவே பயனுடையது. 'கண்ணன் வந்து பார்க்கவில்லை' என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. வரவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்பது ஒன்று. வந்தான், ஆனால் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. எதிர்மறையின் ஆட்சி எச்சத்தையும் தழுவுகிறதா, முற்றோடு நின்றுவிடுகிறதா என்பதைச் சூழலே முடிவுசெய்கிறது. பரிவர்த்தனையில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. முற்று வராவிடின் எதிர்மறை எல்லா எச்சங்களையும் தழுவும். பதிவை உண்டாக்கியதும் நடந்ததாகாது. 'பதிவுகளை மாற்றி நிலைநிறுத்தவில்லை' என்று மொழிபெயர்ப்பாளர் எழுதினால், பதிவுகள் மாறிவிட்டன, ஏதோ இறுதி வேலை மட்டும் எஞ்சியுள்ளது என்று படிப்பவர் கொள்ள இடமுண்டு. இவ்விடத்தில் 'மாற்றங்கள் எவையும் நிலைபெறா' என்று தொடரைப் பிரித்தெழுதுவதே தகும்.

முற்று வாராத வழிகள்

சி மொழியில் எழுதும் நிரலர், பரிவர்த்தனையைத் தொடங்கியபின் தம் நிரல் வெளியேறக்கூடிய ஒவ்வொரு வழியிலும் முடிவுக் கட்டளையைத் தாமே இடவேண்டும். மேற்கோளை மாற்றுகையில் பிழை நேர்ந்தால் ஒரு வழி. பழைய பதிவைக் காணாவிடின் ஒரு வழி. நினைவகம் போதாவிடின் ஒரு வழி. பத்து வழிகளுள் ஒன்பதில் 'ரோல்பேக்' எழுதிப் பத்தாவதில் மறந்துவிட்டால் பரிவர்த்தனை திறந்தபடியே நிற்கும். அடுத்து அதே இணைப்பின் வழியாக வரும் தொடர்பற்ற கட்டளைகளும் அதனுள் விழும், பூட்டுகள் விடுபடா. முடிவு எழுதப்படாத சொற்றொடர் அடுத்த பத்தியையும் விழுங்குவதை ஒத்தது இது.

ரஸ்ட் மொழியை கிரேடன் ஹோர் 2006ஆம் ஆண்டளவில் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். மோசில்லா நிறுவனம் 2009இல் அதற்கு ஆதரவளித்தது. முதல் நிலைத்த பதிப்பு 2015 மே மாதம் வெளிவந்தது. நினைவகத்தை நேரடியாக ஆளும் அமைப்புநிலை நிரல்களை, அவற்றில் வழக்கமாக நேரும் பிழைகளின்றி எழுதச்செய்வது அதன் நோக்கம். ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உடைமையாளர் மட்டுமே இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. உடைமையாளரின் எல்லை முடியும்போது மதிப்பும் ஒழியும். ஒழியும் தறுவாயில் செய்யவேண்டியவற்றை 'டிராப்' என்னும் பகுதியில் எழுதிவைக்கலாம். எல்லை முடிவோடு துப்புரவைப் பிணைக்கும் இம்முறை சி++ மொழியில் முன்பே இருந்தது; உடைமையைத் தொகுப்பியே சரிபார்ப்பது ரஸ்டின் சிறப்பு.

இதனைப் பரிவர்த்தனையோடு பொருத்திப் பார்க்க எஸ்கியூலைட் தரவுத்தளம் ஏற்றது. ரிச்சர்டு ஹிப் 2000இல் வெளியிட்ட இத்தரவுத்தளம் இன்று கைப்பேசிகள் வரை பரவியுள்ளது. ரஸ்டிலிருந்து இதனை அணுகப் பயன்படும் நிரலகங்களுள் ரஸ்கியூலைட் ஒன்று. அதில் இணைப்பிடம் பரிவர்த்தனையைக் கேட்டால், பரிவர்த்தனை என்னும் வகையைச் சேர்ந்த ஒரு மதிப்பு கிடைக்கும். அம்மதிப்பு தன் எல்லைக்குள் நிலைநிறுத்தப்படாமல் ஒழியுமானால், அதன் 'டிராப்' பகுதி தரவுத்தளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். பிழை நேர்ந்து இடையிலேயே வெளியேறினும், வெளியேறும் வழிகள் பத்தாயினும் நூறாயினும், நிரலர் ஒன்றும் எழுதவேண்டுவதில்லை. ரஸ்டில் ஒரு கூற்றின் இறுதியில் இடப்படும் வினாக்குறி, பிழையாயின் உடனே வெளியேறுக என்று பொருள்படும். அகராதிச் சான்றில் மூன்று பணிகளின் இறுதியிலும் வினாக்குறி இட்டு, நான்காவதாகக் 'கமிட்' என்று எழுதிவிட்டால் நிரல் முழுமையடைந்துவிடுகிறது.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம் உலகவழக்கு. இங்கே மௌனம் மறுப்புக்கு அறிகுறி. ரஸ்கியூலைட் இவ்வியல்பை மாற்றவும் இடந்தருகிறது: ஒழியும்போது நிலைமீளலாம், நிலைபெறலாம், ஒன்றும் செய்யாது விடலாம், நிரலையே அதிர்ந்து நிற்கச்செய்யலாம். ஆயினும் வெளிப்படையாகக் கூறாவிடின் மீள்வதே இயல்பு. நிரலே திடீரென மாய்ந்து 'டிராப்' பகுதி ஓடவே இயலாதபோதும் எஸ்கியூலைட் இதே நெறியைப் பின்பற்றுகிறது. முடிவுறாத மாற்றத்தின் பழைய பக்கங்கள் ஒரு துணைக்கோப்பில் உள்ளன. அடுத்து தரவுத்தளத்தைத் திறப்பவர் அவற்றைக் கொண்டு பழைய நிலையை மீட்டுவிடுகிறார். மொழியின் நெறியும் தளத்தின் நெறியும் இங்கு ஒன்றுபடுகின்றன.

கடனும் இரவலும்

பரிவர்த்தனை நடக்கும்போது இணைப்பை வேறொருவர் பயன்படுத்தினால் அவருடைய கட்டளைகளும் அதனுள் கலந்துவிடும். இதனைத் தடுக்க ரஸ்கியூலைட்டின் பரிவர்த்தனை இணைப்பை 'பாரோ' செய்துகொள்கிறது. அதுவும் மாற்றும் உரிமையோடு கூடிய தனி உரிமையாக. அது வாழும்வரை உடைமையாளரே ஆயினும் இணைப்பைத் தொட இயலாது. தொட முயலும் நிரலைத் தொகுப்பி ஏற்காது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிழை வெளிப்பட்டுவிடும்.

'பாரோ' என்பதனைக் கடன் என்று பெயர்ப்பது பிழையாகும். தமிழில் கடனுக்கும் இரவலுக்கும் வேறுபாடு உண்டு. நெல்லைக் கடனாகப் பெற்றவர் வேறு நெல்லைத் திருப்பித்தரலாம்; பணமும் அவ்வாறே. இரவல் வாங்கிய நூலையோ நகையையோ அதே பொருளாகத் திருப்பவேண்டும். ரஸ்ட் குறிப்பது இரண்டாவதனை. ஆங்கிலத்தில் பணத்துக்கும் நூலுக்கும் ஒரே வினை வழங்குவதால் ஆங்கில நூல்கள் இதனை வாக்கியம் வாக்கியமாக விளக்கவேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு சொல்லே அதனைக் கூறிவிடும்.

நிலைநிறுத்தும் செயல் இரவலுக்கு நேர்மாறானது. 'கமிட்' என்னும் செயற்கூறு பரிவர்த்தனையை இரவலாகப் பெறுவதில்லை, உடைமையாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரே தற்சுட்டுப் பெயர் ரஸ்டில் உடைமையாகவும், காணும் இரவலாகவும், மாற்றும் இரவலாகவும் மூன்று வடிவில் வரும். வேற்றுமையுருபு ஒரே பெயரின் உறவை மாற்றுவதுபோல, முன்னிற்கும் ஒரு குறி இங்கே உறவை மாற்றுகிறது. 'கமிட்'டில் அக்குறி இல்லை. எனவே அக்கட்டளைக்குப் பின் பரிவர்த்தனையின் பெயரைக் கூறினாலே அது கைமாறிவிட்டது என்று தொகுப்பி மறுக்கும். ஒருமுறை நிலைநிறுத்தியதை மறுமுறை நிலைநிறுத்தவோ மீட்கவோ இயலாது. நிலைநிறுத்தலே தோல்வியுறினும் அம்மதிப்பு போனது போனதே. பணிகளை முதலிலிருந்து புதிய பரிவர்த்தனையில் செய்யவேண்டும்.

இதில் மொழியியலாருக்கு நன்கு பழகிய ஒரு கருத்து மறைந்துள்ளது. யோவாகிம் லாம்பெக் 1958இல் வகுத்த தொடரமைப்புக் கணக்கில் ஒவ்வொரு சொல்லின் வகையும் சரியாக ஒருமுறை செலவாகவேண்டும்; மிஞ்சினாலும் குறைந்தாலும் தொடர் அமையாது. ழான்-ஈவ் ழிரார் 1987இல் வெளியிட்ட நேரியல் அளவையியலும் இத்தகையதே. ரஸ்ட் ஒரு படி தளர்ந்தது. மதிப்பு ஒருமுறைக்கு மேல் செலவாகக்கூடாது என்று மட்டுமே அது கோருகிறது. செலவாகியே தீரவேண்டும் என்று கோருவதில்லை.

இத்தளர்ச்சியின் விளைவு சிறியதன்று. பதிப்பாசிரியரின் நிரலில் மூன்று பணிகளும் பிழையின்றி முடிந்து, 'கமிட்' என்னும் ஒரு வரி மட்டும் விடுபட்டதாகக் கொள்வோம். தொகுப்பி பிழை காட்டாது. நிரல் நன்றாக ஓடும். பரிவர்த்தனையின் வழியாகவே வினவிப் பார்த்தால் 'படி' இரண்டாகப் பிரிந்தே தோன்றும். எல்லை முடிந்தவுடன் யாவும் ஓசையின்றிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நூற்றுக்கணக்கான மேற்கோள்களை ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்து பிரித்தவரின் உழைப்பு, அச்சமூட்டும் செய்தி ஏதுமின்றி மறைந்துபோகும். கையேட்டில் நிரலருக்குச் சொல்லப்படவேண்டிய தலையாய செய்தி இது. அதனை மொழிபெயர்க்கும் சொற்கள் பிழையாயின் செய்தியும் சென்று சேராது.

சொற்களைத் தெரிதல்

'டிரான்ஸாக்‌ஷன்' என்பதற்குப் பரிவர்த்தனை வேரூன்றிவிட்டது. பண்டமாற்று என்னும் அதன் பழம்பொருள் தரவுத்தளத்துக்குப் பொருந்தாது. அகராதிப் பதிவைப் பிரிப்பதில் கொடுப்பவரும் இல்லை, கொள்பவரும் இல்லை. வினைத்தொகுதி என்பது பொருளளவில் நேரானது. அதனைச் சுருக்கி வினைத்தொகை என்போருளராயின், 'ஊறுகாய்' போன்ற தொடரைக் குறிக்கும் இலக்கணச் சொல்லோடு அது மோதும். வழக்கை மதித்துப் பரிவர்த்தனையை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதனால் நேரும் கேடு சிறிது.

மற்ற இரண்டிலும் கேடு பெரிது. உறுதிசெய் என்பது தமிழ் இடைமுகங்களில் 'கன்ஃபர்ம்' என்பதற்கு வழங்குகிறது. பயனரிடம் 'நிச்சயமா' என்று கேட்பதும் தரவுத்தளத்தில் மாற்றத்தை நிகழ்த்துவதும் வேறுவேறு. ஒரே திரையில் இரண்டும் வரும்போது குழப்பம் உறுதி. நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட் போன்ற கருவிகளிலும் 'கமிட்' உண்டு. ஆயின் அங்கே அது மாற்றங்களின் ஒரு படியைக் குறித்துவைத்தல் ஆகையால் வேறு சொல் பெறவேண்டும்.

ரத்து என்பது 'ரோல்பேக்' என்பதற்கு முற்றிலும் ஒவ்வாதது. ஓர் ஆணையை ரத்துசெய்கிறோம் என்றால் அவ்வாணை ஒருகாலத்தில் செல்லுபடியானதாக இருந்தது என்பது பொருள். 'ரோல்பேக்' செய்யப்பட்ட மாற்றம் ஒருபோதும் செல்லுபடியாகியதில்லை. நிலைபெற்றுவிட்ட பரிவர்த்தனையை அழிக்க இயலாது. அதன் விளைவை எதிர்ச்செய்யும் மற்றொரு பரிவர்த்தனையை நிகழ்த்தலாம் என்பதைக் கிரேயும் வற்புறுத்தியுள்ளார். ரத்து என்னும் சொல் அந்த ஈடுசெய் பரிவர்த்தனைக்கே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கிவிட்டால் பின்னதைக் குறிக்கச் சொல் இராது.

நிலைநிறுத்தல், நிலைமீட்டல் என்னும் இணையை நான் பரிந்துரைப்பது பொருட்பொருத்தம் கருதி மட்டுமன்று. அவற்றின் வினைவடிவங்களையும் கருதியே. ஆங்கிலத்தில் நிரல் பரிவர்த்தனையைக் 'கமிட்' செய்கிறது என்பதற்கும், பரிவர்த்தனை தானே 'கமிட்' ஆகிறது என்பதற்கும் ஒரே வினைவடிவம் வருகிறது. தமிழ் தன்வினையையும் பிறவினையையும் பிரித்தே தீரும். நிலைநிறுத்துகிறது, நிலைபெறுகிறது, நிலைமீட்கிறது, நிலைமீள்கிறது. மூலநூலாசிரியர் கூறாமல் விட்ட வினைமுதலைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கூறியாகவேண்டும். ரஸ்டில் இது சுமையன்று, வாய்ப்பு. 'ரோல்பேக்' என்னும் செயற்கூற்றை நிரலர் தாமே அழைத்தால் நிலைமீட்கிறார். மதிப்பு எல்லையிழந்து ஒழிந்தால் பரிவர்த்தனை நிலைமீள்கிறது. முன்னதில் மீட்பு தோல்வியுற்றால் பிழைச்செய்தி நிரலரிடம் வந்து சேரும், பின்னதில் பெற்றுக்கொள்வாரில்லை. இயல்புநிலையில் நிலைபெறல் தானே நிகழாது என்பதைக் கூறவும் இவ்விணை உதவுகிறது: 'நிரலர் நிலைநிறுத்தாவிடின் பரிவர்த்தனை நிலைமீளும்'. மேலே கண்ட தலையாய செய்தி இந்த ஒரு தொடரில் அடங்கும். இயல்புநிலையை அறிவிக்கும் இத்தகைய தொடர்களில் செயப்பாட்டு வினையை விலக்கவேண்டும். 'நிலைமீட்கப்படும்' என்றெழுதினால் யாரால் என்ற வினா எழுந்து, தாம்தான் செய்யவேண்டுமோ என்று நிரலர் ஐயுறுவார்.

வலையமைப்பின் வழி தொலைவிலுள்ள தரவுத்தளத்தோடு உரையாடும் நிரலகங்களில் தன்வினையும் சற்று மிகையாகிவிடுகிறது. எஸ்கியூஎல்எக்ஸ் என்பது அத்தகைய ஒன்று. அதில் ஒவ்வொரு கட்டளையும் மறுமொழிக்காகக் காத்திருக்கவேண்டும்; ரஸ்டின் 'டிராப்' பகுதியோ காத்திருக்க இயலாதது. ஆதலால் பரிவர்த்தனை ஒழியும்போது நிலைமீட்டல் கட்டளை வரிசையில் வைக்கப்படுகிறது. அவ்விணைப்பு அடுத்துப் பயன்படும்போதோ, இணைப்புத் தொகுதிக்குத் திரும்பும்போதோதான் அது நிறைவேறுகிறது. அதுவரை தரவுத்தளத்தைப் பொறுத்தவரை பரிவர்த்தனை திறந்தே உள்ளது. அதன் பூட்டுகளும் நிற்கின்றன. இங்கே 'நிலைமீள்கிறது' என்னும் நிகழ்காலம் உண்மைக்கு முந்திவிடுகிறது. 'நிலைமீளவிருக்கிறது' என்பதே சரி. இந்நிரலகத்தின் கையேட்டை மொழிபெயர்ப்பவர் காலங்காட்டும் வடிவத்தை இவ்வாறு மாற்றுவதோடு, பூட்டுகள் உடனே விடுபடவேண்டிய இடங்களில் நிரலரே வெளிப்படையாக நிலைமீட்கவேண்டும் என்பதனையும் பிறவினையிலேயே எழுதவேண்டும்.